வீல் நட்டுக்கு ஒரு டார்க் ரெஞ்ச்: ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

கார் வைத்திருக்கிறவர்கள் ஜாக்கிக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டிய கருவி, நட்டை நாம் வைக்கும் அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வருடத்துக்கு மேலாக ஒன்றை வைத்துப் பயன்படுத்துகிறேன். டயர் மாற்றி மாட்டுவது, பிரேக் பேட் பார்ப்பது, பஞ்சர் போட்டு வந்த சக்கரத்தைச் சரிபார்ப்பது என்று என் வண்டியிலும் உறவினர்கள் வண்டியிலும் இது தொடர்ந்து வேலை செய்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது, வைத்த அளவுக்கு இறுகியதும் கிளிக் சத்தம் தரும் வகை. முனை அரை அங்குலச் சதுரம். அளவு 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) வரை. நீளம் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை ஒன்றரை கிலோவுக்குள். பிராண்டு பெயரை எழுதவில்லை. இதே உடம்பு, இதே பெட்டி வெவ்வேறு பெயர்களில் விற்பனைக்கு வருகிறது. பெயரைவிட, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால்தான் படிப்பவருக்குப் பயன்.

முதலில், இது எதற்கு? “கை பலத்துக்கு இறுக்கினால் போதாதா?” என்று கேட்காதவர்கள் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். வண்டியோடு வரும் எல் வடிவ வீல் ஸ்பேனரின் கை சுமார் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் நுனியில் 25 கிலோ அளவுக்கு அழுத்தினால் நட்டுக்குப் போவது 61 நியூட்டன் மீட்டர். 40 கிலோ அழுத்தினால் 98. எழுபது கிலோ ஆள் அதன் மேல் ஏறி நின்றால் 172. குழாயைச் செருகிக் கையை 60 சென்டிமீட்டராக நீட்டிக்கொண்டு அதே 40 கிலோ அழுத்தம் கொடுத்தால் 235. ஒரே சக்கரம், ஒரே நட்டு. பிடிக்கும் ஆளையும் ஸ்பேனரையும் பொறுத்து 61-லிருந்து 235 வரை போகிறது. பெரும்பாலான கார்களுக்குக் கையேடு கேட்பது 80-லிருந்து 140-க்குள் ஏதோ ஓர் எண். டொயோட்டாவின் பல மாடல்களுக்கு 103, ஹோண்டாவின் பல கார்களுக்கு 108, ஃபோக்ஸ்வேகனில் பரவலாக 120. பெரிய பிக்கப், எஸ்யூவி வகைகளில் 200-ஐத் தொடுவதும் உண்டு. உங்கள் வண்டிக்கு என்ன என்பதைக் கையேட்டில் பாருங்கள். பக்கத்து வீட்டு வண்டியின் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாங்கிய புதிதில் நான் முதலில் செய்த வேலை, டயர் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் வண்டியின் நட்டுகளைச் சோதித்தது. காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் கன் வைத்து இறுக்கியிருந்தார்கள். என் வண்டிக்கான அளவு 103. ரெஞ்சை 103-இல் வைத்து இழுத்தேன். நட்டு அசையவில்லை, கிளிக் வந்தது. 140-இல் வைத்தேன், அதே கதை. 170. கடைசியில் கருவியின் உச்சமான 200-க்கே கொண்டுபோய் இழுத்தேன். அப்போதும் நட்டு துளிகூட நகராமல் கிளிக் வந்தது. அதாவது தேவையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கில், ஒருவேளை அதற்கும் மேலே, அந்த நட்டு உட்கார்ந்திருந்தது. நட்ட நடு ரோட்டில் டயர் பஞ்சராகி, வண்டியோடு வந்த அந்தச் சின்ன ஸ்பேனரை வைத்துக்கொண்டு வீட்டில் உள்ளவர்கள் யாராவது கழற்ற வேண்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது கோபமே வந்தது. பிரேக்கர் பார் என்னும் நீளமான நெம்புக் கம்பியைப் போட்டு எல்லாவற்றையும் தளர்த்தி, மறுபடி முறைப்படி இறுக்கினேன்.

இந்த நிகழ்ச்சியில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 103-இல் வைத்து கிளிக் வந்துவிட்டால் நட்டு 103-இல் இருக்கிறது என்று பொருளல்ல. “குறைந்தது இவ்வளவு இருக்கிறது” என்று மட்டுமே பொருள். அதிகமாக இறுகிய நட்டும் அதே கிளிக்கைத்தான் தரும். இறுக்கத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒரே வழி, தளர்த்திவிட்டு மீண்டும் இறுக்குவது. நட்டு மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும்போதே கிளிக் வர வேண்டும். அப்போதுதான் அந்த எண்ணை நம்பலாம்.

சரி, அதிகமாக இறுக்கினால் என்ன கெட்டுவிடும்? சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருப்பது எது என்று கேட்டால், ஸ்டட்டுகள் (நட்டு ஏறும் மரையுள்ள தண்டுகள்) அதைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். நிஜத்தில், நட்டை இறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீள்கிறது. இழுத்து மாட்டிய ரப்பர் பேண்டு போல அது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் சக்கரத்தை, அது மாட்டப்படும் ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த இரண்டு முகங்களுக்கு இடையே உள்ள உராய்வுதான் பிரேக் போடும்போதும் பள்ளத்தில் விழும்போதும் வரும் விசையைச் சுமக்கிறது. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 103 நியூட்டன் மீட்டர் கொடுத்தால், மரை சுத்தமாக, எண்ணெயில்லாமல் இருக்கும் நிலையில், கிடைக்கும் பிடி நான்கு டன்னுக்கு மேல். ஐந்து நட்டும் சேர்ந்தால் இருபது டன்னைத் தாண்டும். இந்தப் பிடி இருக்கும்வரை ஸ்டட்டுக்கு வளைவு வேலை பெரிதாக வருவதில்லை.

பிடி குறைந்தால் சக்கரம் ஹப்பின் மேல் நுணுக்கமாக நகர ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் முன்னும் பின்னும் வளையும். சக்கரத்தின் ஓட்டைகள் நீள்வட்டமாகத் தேயும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் உடைவது போலவே ஸ்டட்டும் சோர்ந்து உடையும். ஒன்று போனால் அதன் சுமை மற்றவற்றின் மேல் விழும். அப்புறம் வரிசையாகப் போகும். மறுபக்கம், அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்டட் தன் மீள் எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டுவிடும். அப்படி நீண்ட ஸ்டட் பழைய பிடியைத் தராது. மரையும் கெடும். நட்டுக்கு நட்டு இறுக்கம் வேறுபட்டால் பிரேக் டிஸ்க் சமமில்லாமல் அழுத்தப்பட்டு, பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங்கில் நடுக்கம் வர வாய்ப்பு உண்டு. குறைவும் ஆபத்து, அதிகமும் ஆபத்து என்பதால்தான் நான் இந்தக் கருவியை விடாமல் பரிந்துரைக்கிறேன்.

இனி கருவிக்கு வருவோம். கைப்பிடி உலோகம், மேலே சொரசொரப்பாகக் கடைந்திருக்கிறார்கள். கையில் கிரீஸ் இருந்தாலும் நழுவவில்லை. கைப்பிடியின் அடியில் ஒரு பூட்டுத் திருகு. அதைத் தளர்த்தி, பிடியைச் சுழற்றினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுந்தும் அல்லது தளரும். குழாயின் மேல் 40, 50, 60 என்று பத்துப் பத்தாகக் கோடுகள்; சுழலும் பிடியின் விளிம்பில் 0 முதல் 9 வரை. 103 வேண்டுமென்றால் பிடியின் விளிம்பை 100 கோட்டுக்குக் கொண்டுவந்து பூஜ்யத்தில் நிறுத்தி, பிறகு 3 வரை சுழற்ற வேண்டும். முதல் முறை கையேட்டைப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கப்புறம் கை தானாகப் போகும்.

இந்தப் பத்துப் பத்தான கோடுகளை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நண்பர் ஒருவரிடம் உள்ள ரெஞ்சில் நியூட்டன் மீட்டர் கோடுகள் 28, 42, 56 என்று பதினான்கு பதினான்காக ஏறுகின்றன. முதலில் பவுண்டு அடி என்ற அலகுக்காக வடிவமைத்து, அப்புறம் நியூட்டன் மீட்டரைச் சேர்த்ததால் வரும் வினை. அதில் 103 வைக்க வேண்டுமென்றால் 98 கோட்டுக்குப் போய் மேலே 5 சேர்க்க வேண்டும். வீட்டில் பொறுமையாக உட்கார்ந்து செய்யலாம். இருட்டில், மழையில், அவசரத்தில் இந்தக் கூட்டல் கணக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் கையேடு எந்த அலகில் சொல்கிறதோ அந்த அலகு முதன்மையாக உள்ள ரெஞ்சை வாங்குங்கள். பவுண்டு அடி மட்டும் இருந்தால் அதை 1.356-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர்.

துல்லியம் பற்றி. பெட்டிக்குள் ஒரு சான்றிதழ் தாள் இருந்தது. ஐஎஸ்ஓ 6789 தரத்தின்படி 4 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்கிறது. தாளை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, ரெஞ்சு தரைக்கு இணையாக, இறுக்கும் திசையில் கீழே இறங்குகிற மாதிரி வைத்தேன். சதுரத்தின் மையத்திலிருந்து கைப்பிடியின் நடுவுக்கு 42 சென்டிமீட்டர். அந்த இடத்தில் கோடு போட்டுக் கயிறு கட்டினேன். கயிற்றில் தராசில் நிறுத்துப் பார்த்த 25 கிலோ எடைத் தட்டுகள். 25 கிலோ, 42 சென்டிமீட்டர் என்றால் 103 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடையும் கீழே இழுக்குமே, அதற்குக் கிட்டத்தட்ட 3. ஆக மொத்தம் 106.

அளவை 100-இல் வைத்து எடையைக் கையால் தாங்கி மெதுவாக விட்டேன். கிளிக். 104-இல் கிளிக். 107-இலும் கிளிக் வந்தது, ஆனால் கொஞ்சம் தயங்கி வந்தது. 110-இல் வைத்தபோது எடை முழுவதும் தொங்கியும் சத்தமில்லை. அப்படியென்றால் கருவி 108 என்று காட்டும் இடத்தில் நிஜத்தில் 106 இருக்கிறது. இரண்டு சதவீதத்துக்குள் வித்தியாசம். வீல் நட்டுக்கு இது தாராளமாகப் போதும். ஆய்வகத் துல்லியம் என்று இதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரெஞ்சு முற்றிலும் பொய் சொல்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள இது நல்ல வழி. எடையைப் பொத்தென்று விடக் கூடாது, அது மட்டும் கவனம். விட்டால் அதிர்ச்சியில் கிளிக் முன்கூட்டியே வந்துவிடும்.

கிளிக் எப்படி இருக்கிறது? 80-க்கு மேல் சத்தமும் தெளிவு, கையிலும் ஒரு தட்டல் உணரலாம். 50-க்குக் கீழே சத்தம் மெலிதாகிவிடுகிறது. பக்கத்தில் வண்டி போகும் சாலையோரத்தில் அதைக் காதால் பிடிக்க முடியாது, உள்ளங்கையால்தான் பிடிக்க வேண்டும். இது இந்த வகைக்கே உள்ள குணம். பொதுவாகவே எந்தக் கிளிக் ரெஞ்சையும் அதன் உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. அதனால் இதே ரெஞ்சால் ஸ்பார்க் பிளக்கையும் இறுக்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அதற்குச் சின்னது தனியாக வேண்டும்.

இன்னொன்று, கிளிக் வந்தவுடன் ரெஞ்சு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நிற்காது. உள்ளே இருக்கும் நெம்புகோல் ஒரு நொடி வழுக்கிக் குழாயின் சுவரில் தட்டுகிறது, அவ்வளவுதான். தொடர்ந்து இழுத்தால் நட்டு தொடர்ந்து இறுகும். கிளிக் வந்ததும் கையை விட வேண்டும். “எதற்கும் இன்னொரு தடவை” என்று இரண்டாம் கிளிக், மூன்றாம் கிளிக் கொடுக்கும் பழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் நட்டு கொஞ்சம் கொஞ்சமாக அளவைத் தாண்டுகிறது. பிடியின் நடுவில் கை வைத்து, ஒரே சீராக, வெட்டி இழுக்காமல் இழுத்தால் ஒரு கிளிக் போதும்.

நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். சக்கரம் தூக்கியிருக்கும்போதே எல்லா நட்டையும் முதலில் விரலால் சுற்றி ஏற்றுவேன். விரலால் குறைந்தது ஐந்தாறு சுற்று தடையின்றி ஏறவில்லை என்றால் மரை மாறி ஏறுகிறது அல்லது அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஸ்பேனரைப் போட்டு வம்பு செய்யக் கூடாது. பிறகு ஸ்பேனரால் லேசாக, எதிரெதிராக. நான்கு நட்டு என்றால் குறுக்காக, ஐந்து என்றால் ஒன்று விட்டு ஒன்று நட்சத்திரம் வரைவது மாதிரி, ஆறு என்றால் எதிரெதிர் ஜோடியாக. இப்படிச் செய்தால்தான் சக்கரம் ஒரு பக்கம் சாயாமல் ஹப்பில் சமமாக உட்காரும். அப்புறம் டயர் தரையைத் தொட்டுச் சுழலாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் ஜாக்கியை இறக்கி, ரெஞ்சை 50-இல் வைத்து ஒரு சுற்று, 103-இல் வைத்து ஒரு சுற்று. அதே வரிசை. முழு எடையையும் இறக்கிவிட்டு இறுக்கினால், கோணலாக உட்கார்ந்த சக்கரம் அந்தக் கோணலிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவு நல்ல கருவி கையில் இருந்தும் வேலை கெட்டுப்போகும் இடங்கள் இருக்கின்றன. நீங்கள் கொடுக்கும் முறுக்கு விசையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. நட்டின் முகத்துக்கடியில் பாதி, மரையில் மீதி. ஸ்டட்டை இழுக்கப் போவது பத்தில் ஒரு பங்குதான். ஆகவே உராய்வு கொஞ்சம் மாறினாலும் அதே எண்ணுக்கு வேறு பிடி கிடைக்கும். மரையில் எண்ணெய் தடவிவிட்டு 103 வைத்தால் பிடி மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடலாம். துரு ஏறிய மரை என்றால் நேர்மாறு. கிளிக் வந்திருக்கும், ஆனால் பிடி வெகுவாகக் குறைந்திருக்கும். இரண்டு இடத்திலும் கிளிக் சத்தம் ஒன்றுதான். அதனால் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெயில்லாமல் மாட்டுகிறேன். கையேடு எண்ணெய் போடச் சொன்னால் மட்டுமே போட வேண்டும். “கழற்றும்போது சுலபமாக இருக்கும்” என்று அன்போடு கிரீஸ் தடவித் தருபவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். எங்கள் மாமாவும் அப்படித்தான். “மாமா, ஹப் நடுவில் இருக்கிற வளையத்துக்கு மெல்லிசா தடவுங்க, ஸ்டட்டுக்கு மட்டும் வேண்டாம்” என்று சொல்லிச் சொல்லி இப்போது அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

ஹப்பின் முகமும் சக்கரத்தின் பின்முகமும் அப்படியே. அங்கே துருச் செதில், மண், தடிமனான புது பெயிண்டு இருந்தால் இறுக்கும்போது அவை இடையில் நசுங்காமல் நிற்கும். ஓட ஓட நசுங்கும். நசுங்கிய அளவுக்கு ஸ்டட்டின் இழுப்பு குறையும். நட்டு ஒரு டிகிரிகூடத் திரும்பியிருக்காது, ஆனாலும் பிடி போயிருக்கும். சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சோதிக்கச் சொல்வது இதனால்தான். புது அலாய் சக்கரத்தில் இது இன்னும் முக்கியம். நான் மறுபரிசோதனை செய்யும்போது டயர் ஆறிய பிறகு, அதே எண்ணில் வைத்து இழுக்கிறேன். நகராமல் கிளிக் வந்தால் நிம்மதி. கால் சுற்று நகர்ந்த பிறகு வந்தால், அந்தச் சக்கரத்தைக் கழற்றி முகங்களைப் பார்க்காமல் விடுவதில்லை.

நட்டின் முகமும் சக்கரத்தின் ஓட்டையும் பொருந்த வேண்டும் என்பதை இங்கே சொல்லாமல் போனால் இந்த விமர்சனம் முழுமையாகாது. நட்டின் அடி மூன்று விதம். கூம்பு வடிவம், அதில் 60 டிகிரி கோணம் பரவலானது. உருண்டை வடிவம், ஹோண்டாவும் ஃபோக்ஸ்வேகனும் (அதில் நட்டுக்குப் பதில் போல்ட்) தங்கள் சொந்தச் சக்கரங்களுக்குப் பயன்படுத்துவது. தட்டை முகத்தோடு வாஷர் உள்ளது, டொயோட்டாவின் பல அலாய் சக்கரங்களில் இருப்பது. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் போட்டால் அது ஒரு மெல்லிய வட்டக் கோட்டில் மட்டும்தான் தொடும். ரெஞ்சு சமர்த்தாக கிளிக் கொடுத்துவிடும். ஓடும்போது அந்தக் கோடு நசுங்கி நட்டு தளரும். சக்கரம் மாற்றும்போது நட்டும் மாற வேண்டுமா என்று கேளுங்கள். அதேபோல் மரை: 12 மில்லிமீட்டர் ஸ்டட்டிலேயே மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளியும் உண்டு, 1.25 இடைவெளியும் உண்டு. ஒன்றை மற்றொன்றில் பலவந்தமாக ஏற்றினால் இரண்டும் போய்விடும்.

இப்போது குறைகள். பெட்டி மோசம். பிளாஸ்டிக் தாழ்ப்பாள் சில மாதங்களிலேயே உடைந்துவிட்டது, ரப்பர் பட்டை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். அளவுக் கோடுகள் குழாயில் பதித்திருக்கிறார்களே தவிர உள்ளே வண்ணம் நிரப்பவில்லை. நிழலான இடத்தில் கைப்பேசி வெளிச்சம் அடித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. வெள்ளை வண்ணத்தை நானே தேய்த்து நிரப்பிய பிறகு நன்றாகத் தெரிகிறது, ஆனால் இதை நான் செய்ய வேண்டியிருக்கக் கூடாது. கூடவே கொடுத்த சாக்கெட்டுகளில் (நட்டின் மேல் மாட்டும் குவளைகள்) ஒன்றின் சுவர் மிகத் தடிமன். அலாய் சக்கரத்தின் ஆழமான ஓட்டைக்குள் போனால் விளிம்பைச் சுரண்டும். மெல்லிய சுவர், வெளியே பிளாஸ்டிக் உறை போட்ட ஆறு முகச் சாக்கெட் தனியாக வாங்கினேன். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளை உருட்டிவிடும், வேண்டாம். ராட்செட்டின் (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் பல்சக்கரம்) திசை மாற்றும் நெம்பு சின்னதாக இருக்கிறது. கையுறை போட்டால் தள்ளக் கடினம்.

பூட்டுத் திருகைப் பற்றி எனக்கு மனக்குறை அதிகம். முழுவதும் இறுக்காவிட்டால் நான்கைந்து இழுப்பில் பிடி தானாகவே ஓரிரு எண் நகர்கிறது. இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்பதால் மன்னிக்க முடியாத குறை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் எண்ணைப் பார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம். பின்னால் இழுத்துவிட்டுச் சுழற்றி, விட்டால் தானே பூட்டிக்கொள்ளும் அமைப்புள்ள ரெஞ்சுகள் கிடைக்கின்றன. மறுபடி வாங்கினால் அதைத்தான் வாங்குவேன்.

மற்ற வகைகளையும் கையாண்டு பார்த்திருக்கிறேன். வளையும் தண்டும் ஊசியும் உள்ள பழைய மாதிரி ரெஞ்சில் கெட்டுப்போக எதுவுமே இல்லை. ஊசி பூஜ்யத்தில் நிற்கவில்லை என்றால் அதை வளைத்துச் சரிசெய்தால் முடிந்தது. ஆனால் ஊசியை நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்துகொண்டு அது நடக்காத காரியம். மின்னணு வகையில் எண் பெரிதாகத் தெரியும், அளவு நெருங்கும்போது பீப் சத்தமும் வரும். வருடத்தில் சில தடவை மட்டும் எடுப்பவர் வீட்டில் அதன் பேட்டரி தீர்ந்துபோய்க் கிடக்கும். ஏர் கன் அதிகமாக இறுக்காமல் தடுக்க அதில் மாட்டும் டார்க் ஸ்டிக் என்னும் தண்டு கடைக்காரர்களுக்கு உதவும், அதுவும் கடைசி இறுக்கத்தைக் கையால் போடுவதற்கு முன்பு வரைக்கும்தான். லாரி, பேருந்து வைத்திருப்பவர்களுக்கு என் ரெஞ்சு உதவாது. அந்த 22 மில்லிமீட்டர் ஸ்டட்டுகள் 600 நியூட்டன் மீட்டருக்கு மேல் கேட்பவை. நட்டுகளின் மேல் மஞ்சள் அம்புக்குறிகள் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று திரும்பிக்கொண்டால் நட்டு சுழன்றிருக்கிறது என்று ஓட்டுநர் ஒரே பார்வையில் கண்டுபிடிக்கலாம். கார்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றும்.

டயர் கடைக்குப் போகும்போதும் இப்போது ரெஞ்சு கூடவே வரும். “தம்பி, கன்னால லேசா பிடிச்சு மட்டும் விடுங்க, கடைசி இறுக்கத்தை நான் போட்டுக்கறேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரு பையன், “அண்ணே, நாங்க டைட்டா போட மாட்டோமா?” என்று கேட்டான். “நீங்க டைட்டாதான் போடுவீங்க, எனக்கு 103 வேணும்” என்றேன். கையில் கொடுத்து அவனையே ஒரு நட்டை இழுக்கச் சொன்னேன். கிளிக் வந்தபோது, “இவ்வளவுதானா?” என்று கேட்டான். கன் அடித்துப் பழகிய கைக்கு 103 அவ்வளவு குறைவாகத் தெரிகிறது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த எண்ணான 40-க்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும், ஸ்பிரிங் அழுந்திய நிலையிலேயே கிடந்தால் அளவு நகரும். 40-க்கும் கீழே கழற்றிவிடவும் கூடாது. நட்டைத் தளர்த்துவதற்கு இதைப் பயன்படுத்தவே கூடாது. கடன் கொடுத்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள், ஏனென்றால் வாங்கிப் போகிறவர் முதலில் செய்வது அதைத்தான். கீழே தவறி விழுந்தால் எடை கட்டி மறுபடி சோதிக்காமல் நம்ப வேண்டாம். 5,000 இழுப்புக்கு ஒரு முறை அல்லது 12 மாதத்துக்கு ஒரு முறை அளவு சரிபார்க்க வேண்டும் என்பது பொதுவான விதி. வீட்டுப் பயன்பாட்டில் 5,000 எட்டவே எட்டாது, அதனால் 12 மாதக் கணக்குதான் நமக்கு. வருடம் திரும்பியதும் அதே 25 கிலோவைக் கட்டிப் பார்த்தேன். 107-இல் கிளிக், 110-இல் இல்லை.

பெட்டியையும் பூட்டுத் திருகையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் வாங்கலாம். பொறுத்துக்கொள்ள முடியாது என்றால், தானே பூட்டிக்கொள்ளும் பிடியும் பத்துப் பத்தான கோடுகளும் உள்ள வேறொன்றைத் தேடுங்கள். அதுவரை, இன்றைக்கே வண்டிக் கையேட்டைத் திறந்து சக்கரப் பக்கத்தில் உங்கள் எண் என்ன என்று பார்த்து, டயர் கடைக்குப் போகும்போது சொல்வதற்கு வசதியாகக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இரும்புச் சக்கரமாக இருந்தால் அதற்கு எந்த நட்டைப் போட வேண்டும் என்பதையும் கையேட்டிலேயே பாருங்கள்.